ரெந்தம் ஊரிலிருந்து வந்த இழைப்புளி

பழைய சாமான் சந்தையில் மர இழைப்புளி ஒன்றைக் கையில் எடுக்கும்போது, விவரம் தெரிந்த ஆள் முதலில் பிளேடைப் பார்க்க மாட்டார். எவ்வளவு துரு ஏறியிருக்கிறது, ஆப்பு சரியாக உட்காருகிறதா என்பதெல்லாம் அப்புறம். இழைப்புளியைத் திருப்பி, அதன் முன்முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பார். மரத்தின் குறுக்குவெட்டு தெரியும் அந்தச் சின்ன இடத்தில்தான் செய்தவர் தன் பெயரை இரும்பு அச்சால் அடித்து வைத்திருப்பார். பல தலைமுறைக் கைகள் பட்டு, எண்ணெயும் அழுக்கும் ஏறி எழுத்து மங்கிப் போயிருக்கும். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் படுத்தாற்போலப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து ஒவ்வோர் எழுத்தாக வெளியே வரும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிம்ஃபீல்ட் என்று ஒரு சிற்றூர். 1959இல் கோர்டன் ரீட் என்ற ஏலக்காரர் அங்கே தொடங்கிய பழம்பொருள் சந்தை இப்போது ஆண்டுக்கு மூன்று முறை, மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில், நெடுஞ்சாலையின் இரு பக்க வயல்களிலும் கூடுகிறது. கருவி தேடுகிறவர்கள் பொழுது விடிவதற்கு முன்பே டார்ச்சோடு வந்துவிடுவார்கள். இந்தச் சந்தையானாலும் நியூ இங்கிலாந்துப் பகுதியின் வேறு எந்தச் சந்தையானாலும், மேசைக்கு அடியில் பழைய மர இழைப்புளிகளை நிரப்பிய பெட்டி ஒன்று இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலைச் சரக்கு. நல்ல கருவிகள்தான், ஆனால் ஏராளமாகக் கிடைப்பவை. எப்போதாவது ஒன்றின் முன்முகத்தில் மூன்று வரி தெரியும். முதல் வரியில் ஒரு பெயர். இரண்டாவது, மூன்றாவது வரிகளில் அவர் ரெந்தம் என்ற ஊரில் வசிக்கிறார் என்ற தகவல். அந்தப் பெயர் சீசர் செலர் என்று இருந்தால், பிடித்திருப்பவரின் கை நடுங்கும்.

செலர் செய்த இழைப்புளிகள் பல இன்றும் இருக்கின்றன. சில அருங்காட்சியகங்களில், சில சேகரிப்பாளர்களின் அலமாரிகளில். ஒவ்வொன்றும் எந்தெந்த வீட்டில் எத்தனை ஆண்டு கிடந்தது என்று தனித்தனியே சொல்ல முடியாது. ஆனால் அவை எல்லாம் நடந்து வந்த பாதை ஏறக்குறைய ஒன்றே. அந்தப் பாதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பாதை ஒரு பர்ச் மரத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் இழைப்புளி செய்பவர்களுக்கு உகந்த மரம் பீச். 18ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துக் கைவினைஞர்கள் தங்கள் காடுகளில் தாராளமாகக் கிடைத்த மஞ்சள் பர்ச்சைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவிலும் பீச் வழக்கமானது பின்னால்தான். ஆகவே சந்தையில் கிடைக்கும் இழைப்புளி பர்ச் மரமாக இருந்தால் அதுவே முதல் தடயம். மரத்தை அறுத்துப் போட்டுப் பல காலம் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் பின்னால் கோணிக்கொள்ளும். கோணிய இழைப்புளி எதற்கும் ஆகாது.

பாஸ்டனுக்குத் தெற்கே இருக்கும் ரெந்தமில் இந்தத் தொழிலை நடத்தியவர் பிரான்சிஸ் நிக்கல்சன். 1683இல் பிறந்தவர். இழைப்புளி செய்வதைத் தொழிலாகக் கொண்டவர் என்று அமெரிக்காவில் ஆவணங்களோடு நிறுவப்பட்டிருக்கும் முதல் ஆள் அவர்தான். அதற்கு முன் காலனித் தச்சர்கள் இங்கிலாந்திலிருந்து கருவிகளைக் கொண்டுவந்தார்கள், அல்லது வேலைக்குத் தேவையானதைத் தாங்களே செதுக்கிக்கொண்டார்கள். நிக்கல்சன் காலத்தில் பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் காசுள்ளவர்கள் லண்டன் பாணியில் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். கதவுப் பலகை, ஜன்னல் சட்டம், கணப்பைச் சுற்றிய பலகை, சுவரும் கூரையும் சேரும் இடம் என்று எல்லாவற்றின் ஓரத்திலும் வளைவு வளைவாக மோல்டிங் ஓட வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் தனி இழைப்புளி வேண்டும். நம் ஊர் ஆசாரி பலகையைச் சமன்படுத்தும் இழைப்புளிக்கு அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். மோல்டிங் இழைப்புளியின் அடிப்பக்கமும் பிளேடின் முனையும் மோல்டிங்கின் எதிர்வடிவத்தில் இருக்கும். பலகையின் விளிம்பில் வைத்துத் தள்ளத் தள்ள, கருவியின் வடிவம் பலகைக்கு இறங்கும். ஒரு நல்ல தச்சரின் பெட்டியில் இப்படி ஐம்பது அறுபது இழைப்புளிகள் இருப்பது சாதாரணம்.

இவற்றிலேயே பெரியது கூரையோர மோல்டிங்குக்கான இழைப்புளி. அகலம் அதிகமாக அதிகமாக மரம் கொடுக்கும் எதிர்ப்பும் அதிகமாகும். ஒருவர் தள்ளி நகராது. அதனால் முன்பக்கம் குறுக்கே ஒரு கட்டை செருகவோ கயிறு கட்டவோ துளை போட்டிருப்பார்கள். தொழில் பழகும் பையன் முன்னால் நின்று இழுக்க, ஆசாரி பின்னாலிருந்து அழுத்தித் தள்ளுவார். சந்தையில் கிடைக்கும் அகல இழைப்புளியில் இந்தத் துளையின் ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தால், அந்தத் தேய்மானம் பெயர் தெரியாத பல பையன்களின் உழைப்பு. என்னால் அதைச் சும்மா ஒரு துளை என்று பார்க்க முடியவில்லை.

நிக்கல்சனுடைய பட்டறையில் இரண்டு பேர் அவரிடம் தொழில் கற்றார்கள். ஒருவர் மகன் ஜான். இன்னொருவர் சீசர் செலர், நிக்கல்சனுக்குச் சொந்தமான கறுப்பின அடிமை. வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் காலனிகளில் அடிமை முறைக்கு முதன்முதலில் சட்டத்தில் இடம் கொடுத்தது மாசசூசெட்ஸ்தான், 1641இல். தெற்கே புகையிலைத் தோட்டங்களில் நடந்தது மட்டுமே அடிமை முறை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். வடக்கில் அடிமைகள் வீடுகளிலும் பண்ணைகளிலும் கப்பல்துறைகளிலும், இப்படிப் பட்டறைகளிலும் உழைத்தார்கள். செலர் 1720 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். 1741இல் ரெந்தம் தேவாலயத்தில் அவர் உறுப்பினராகச் சேர்ந்த பதிவு இருக்கிறது.

அவர் கற்ற வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். பத்தங்குல நீளக் கட்டையின் உடலில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். அதில் பிளேடு படுக்கும். அதன் மேல் ஆப்பு இறங்கும். பள்ளத்தின் சாய்வு சற்று மாறினாலும் பிளேடு மரத்தைச் சீவாமல் பிய்க்கும். ஆப்பு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தால், தள்ளும்போது பிளேடு அதிரும். பிளேடுக்கும் பள்ளத்தின் முன்விளிம்புக்கும் நடுவில் சீவல் ஏறி வரும் வாய் குறுகலாக இருக்க வேண்டும், ஆனால் சீவல் சிக்கிக்கொள்ளும் அளவுக்குக் குறுகிவிடவும் கூடாது. அடிப்பக்க வளைவும் பிளேடின் வளைவும் முடியளவு பிசகில்லாமல் பொருந்த வேண்டும். பிளேடுக்கு முழு எஃகு கட்டுப்படியாகாது. இரும்புப் பட்டையின் முனையில் மட்டும் எஃகை வைத்து உலையில் சேர்த்தடித்து, அந்த முனையைத் தீட்டுவார்கள். பழைய பிளேடின் பக்கவாட்டில் இரண்டு உலோகமும் சேர்ந்த கோடு இன்றும் தெரியும்.

இத்தனையும் முடிந்த பிறகு கடைசி வேலை முன்முகத்தில் பெயர் அடிப்பது. 1753 வரை அந்தப் பட்டறையில் செலர் கையால் எது உருவானாலும் அதில் நிக்கல்சன் பெயரே ஏறியிருக்கும். நிக்கல்சன் முத்திரையோடு இன்று கிடைப்பவற்றில் எது எஜமானர் செய்தது, எது அடிமை செய்தது என்று முத்திரை சொல்லாது. ஒரு மனிதரின் உழைப்பு இன்னொருவர் பெயரில் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்த முன்முகங்களைப் பார்க்கலாம்.

1753இல் நிக்கல்சன் இறந்தார். அவருடைய உயில் செலருக்கு விடுதலை கொடுத்தது. வெறும் விடுதலையோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். கட்டில், படுக்கை, துணிமணி, பெட்டி ஆகியவற்றோடு, செலர் வேலை செய்த பெஞ்சு, வழக்கமான பெஞ்சுக் கருவிகள், ஒரு செட் உளி, ஒரு வைஸ், பத்து ஏக்கர் நிலம், கருவி செய்ய மரம் எல்லாம் அவருக்கு எழுதப்பட்டிருந்தன. அன்றைக்கு விடுதலையான பல அடிமைகளுக்குக் கையில் கிடைத்தது ஒரு காகிதம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு பிழைக்க வழியில்லாமல் பழைய எஜமானர் வீட்டிலேயே கூலிக்கு நின்றவர்கள் உண்டு. செலருக்கு நிலம், மரம், பெஞ்சு, கருவி நான்கும் ஒருசேரக் கிடைத்தன. நிக்கல்சனைத் தியாகி ஆக்க எனக்கு விருப்பமில்லை. தன் வாழ்நாள் முடியும்வரை அவர் செலரை விடுவிக்கவில்லை, அதுவும் அதே வரலாறுதான். ஆனால் ஒரு கைவினைஞர் சொந்தக் காலில் நிற்க என்னென்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய பட்டியல் அது.

அதன் பிறகு அந்த முன்முகத்தில் சீசர் செலர் பெயர் வருகிறது. முத்திரையின் அமைப்பு நிக்கல்சனுடையது போலவே. மேலே பெயர், கீழே ரெந்தமில் வசிக்கிறார் என்ற வரிகள். அமெரிக்காவில் தன் பெயரிலேயே இழைப்புளி செய்து விற்ற, நமக்குத் தெரிந்த முதல் கறுப்பினக் கைவினைஞர் அவர். 1758இல் ஜூடித் ரஸ்ஸலை மணந்தார். எட்டுக் குழந்தைகள். 1784இல் இறக்கும்வரை ரெந்தமிலேயே இருந்தார். மாசசூசெட்ஸ் நீதிமன்றம் அந்த மாநிலத்தில் அடிமை முறைக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1783இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, சட்டம் தன் இனத்தவரைச் சொத்தாகப் பார்த்த காலத்திலேயே, அவர் தன் பெயரை மரத்தில் அடித்து விற்றுக்கொண்டிருந்தார். அதை வாங்கிய வெள்ளைத் தச்சர்கள் நாள் முழுக்க அந்தப் பெயரைக் கண்முன்னே வைத்து வேலை செய்தார்கள்.

இனி இழைப்புளி மட்டும் தனியாகப் போகிறது.

ஒரு தச்சர் அதை வாங்குகிறார். செய்தவர் பெயருக்குக் கீழேயோ பின்முகத்திலோ தன் பெயரையும் அடித்துக்கொள்கிறார். பெரிய வீட்டு வேலையில் பல தச்சர்களின் கருவிகள் ஒரே தரையில் கிடக்கும். கலந்து போகாமலிருக்கப் பெயர் வேண்டும். அவர் இறந்த பிறகு சொத்துக் கணக்கெடுப்பில் பழைய இழைப்புளிகள் ஒரு குவியலாக ஒரே வரியில் எழுதப்படும். மகனோ அயலூர்த் தச்சரோ எடுத்துக்கொள்கிறார். இன்னொரு பெயர் ஏறுகிறது. நான்கைந்து பேர் முத்திரை தாங்கிய இழைப்புளிகள் அபூர்வமில்லை. இதில்தான் புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் தடுமாறுகிறார்கள். எது செய்தவர் பெயர், எது வாங்கியவர் பெயர்? செய்தவரின் முத்திரை பெரும்பாலும் முன்முகத்தின் மேல்பகுதியில், நடுவில், ஒரே ஒருமுறை, ஆழமாகவும் நேராகவும் இருக்கும். புதிய கட்டையில், பட்டறையில் வைத்து அடித்தது அது. உரிமையாளர் முத்திரை கோணலாக, பல இடங்களில், சில சமயம் ஆப்பிலும்கூட இருக்கும். ஒரே பெயர் பல இழைப்புளிகளில், அதுவும் வேறு வேறு பட்டறைப் பாணிகளில் கிடைத்தால் அது உரிமையாளர்தான். ஒரே பெயர் எப்போதும் ஒரே பாணி உடலில் மட்டும் கிடைத்தால் அது செய்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பெயரே அழிந்து போயிருந்தாலும் உடல் பேசும். 18ஆம் நூற்றாண்டு இழைப்புளியின் மேல் விளிம்புகளைச் சரிவாக, அகலமாக, தட்டையாகச் சீவியிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது குறுகி உருண்டுவிட்டது. பழையவை பத்தங்குலத்தை ஒட்டி ஆளுக்கொரு நீளம், பின்னால் வந்தவை பெரும்பாலும் ஒன்பதரை அங்குலம். மோல்டிங்கின் வடிவம் இன்னும் நல்ல சாட்சி. 18ஆம் நூற்றாண்டு வளைவுகள் ரோமானிய மரபில், வட்டத்தின் துண்டுகளாக இருக்கும். 1820களுக்குப் பிறகு கிரேக்கக் கட்டடப் பாணி அமெரிக்காவில் பரவியபோது வளைவுகள் நீள்வட்டமாக மாறின. காம்பஸால் போட்ட வளைவா, நீட்டி இழுத்த வளைவா என்று அடிப்பக்கத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம்.

அந்தப் பாணி மாற்றம்தான் செலரின் இழைப்புளிக்கு முதல் அடி. அது இழைத்த வளைவு வழக்கொழிந்தது. அடுத்த அடி இயந்திரம். 1828 டிசம்பரில் வில்லியம் உட்வொர்த் பலகை இழைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமை நீட்டிக்கப்பட்டு 1856 வரை நீடித்தது. பிறகு மோல்டிங் ஆலையிலிருந்தே அடி அடியாக வாங்கும் பொருளாகிவிட்டது. 1869இல் ஸ்டான்லி நிறுவனம் லியோனார்ட் பெய்லியின் இரும்பு இழைப்புளித் தொழிலை வாங்கியது. நூற்றாண்டு முடிவதற்குள் ஒரே இரும்பு உடலில் பிளேடை மாற்றி மாற்றிப் போட்டு ஏராளமான வடிவங்களை இழைக்கும் கருவியையும் அது விற்றது. மரப் பெட்டிகள் பரணுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் போயின. எத்தனையோ இழைப்புளிகள் அடுப்பில் எரிந்தன.

பரணில் கிடந்ததை முதலில் கண்ணெடுத்துப் பார்த்தவர்களில் ஹென்றி மெர்சர் முக்கியமானவர். பென்சில்வேனியாவின் டாய்ல்ஸ்டவுனைச் சேர்ந்த தொல்லியலாளர். 1897இல் கணப்படுப்புக்கு இடுக்கி தேடி ஒரு காயலான் கடைக்குப் போனார். அங்கே குவிந்து கிடந்த, யாருக்கும் வேண்டாத கைக்கருவிகளைப் பார்த்ததும், மண்ணைத் தோண்டி எடுப்பதைப் போலவே இவற்றையும் ஆராய வேண்டும் என்று அவருக்குப் பட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார். 1916இல் அவற்றுக்காகக் கான்கிரீட்டிலேயே ஓர் உயரமான அருங்காட்சியகம் கட்டினார். பழைய தச்சுக் கருவிகள் பற்றி 1929இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் சேகரிப்பாளர்கள் புரட்டும் நூல். 1933இல் அமெரிக்காவின் தொடக்ககாலத் தொழில்களை ஆராயும் சங்கம் ஒன்று உருவானது. பழைய கருவி ஆர்வலர்களின் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. என்ன கருவி என்றே தெரியாததை யாராவது கொண்டுவந்து வைக்க, எல்லோரும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தங்கள் ஊகத்தைச் சொல்வார்கள். பெரும்பாலும் பதில் சொல்பவர் ஒரு முதிய தொழிலாளியாக இருப்பார். அவர் அதைத் தன் தாத்தா கையில் பார்த்திருப்பார்.

பெயர்களைத் தொகுக்கும் வேலை இதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. இங்கிலாந்தில் டபிள்யூ. எல். குட்மன் 1700 முதலான பிரிட்டிஷ் இழைப்புளிக் கைவினைஞர்களைப் பட்டியலிட்டு 1968இல் நூலாக்கினார். அமெரிக்க முத்திரைகளை எமில் பொல்லக், மார்ட்டில் பொல்லக் தம்பதி 1980களில் தொகுத்தார்கள். ஒவ்வொரு முத்திரையின் படமும், அது எவ்வளவு அபூர்வம் என்ற குறியும் அதில் உண்டு. இத்தகைய நூல்களுக்குத் தகவல் தந்தவர்கள் பெரும்பாலும் சந்தையில் பெட்டியைக் கிளறிய சாதாரண மனிதர்கள். முத்திரையில் ஊர்ப் பெயர் இருந்தால் அந்த ஊருக்குப் போய்த் தேவாலயப் பதிவு, வரிக் கணக்கு, உயில், நிலப் பத்திரம் என்று தேடுவார்கள். செலரின் வாழ்க்கை நமக்குக் கிடைத்ததும் இப்படிப்பட்ட பதிவுகளிலிருந்துதான். ஊர்ப் பெயரை அவர் முத்திரையில் சேர்த்திராவிட்டால் எந்த ஊர்ப் பதிவேட்டைத் திறப்பது?

அதனால்தான் முத்திரை மேல் கை வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வியாபாரிகளில் சிலர் பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள், மணல்தாள் போடுகிறார்கள், வார்னிஷ் பூசுகிறார்கள். ஒரு நிமிடத் தேய்ப்பில் முன்முகத்தின் எழுத்து பாதி போய்விடும். உலர்ந்த மென்மையான துணி, மிஞ்சிப் போனால் சிறிது மெழுகு, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னொரு கேடு போலி முத்திரை. அபூர்வப் பெயருக்கு விலை இருப்பதால் பெயரில்லாத பழைய இழைப்புளியில் புதிதாக அச்சடித்து விற்கும் ஆட்கள் உண்டு. பழைய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் சுற்றியுள்ள மரத்தின் அதே கறுப்பு இருக்கும். நேற்று அடித்ததில் பள்ளத்தின் அடியில் மர நார் புதிதாக நசுங்கி வெளுத்துத் தெரியும், அல்லது அதை மறைக்கப் பூசிய மை தெரியும். ஆப்பும் பிளேடும் உடலோடு பிறந்தவைதானா என்றும் பார்க்க வேண்டும். பெட்டியில் கிடந்த ஏதோ ஒரு ஆப்பைச் செருகி விற்பது சர்வ சாதாரணம். ஆப்பின் தலையிலும் அதே வயது, அதே மரம், அதே சுத்தியல் வடு இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

செலர் பெயர் தாங்கிய கருவிகள் வர்ஜீனியாவின் காலனியல் வில்லியம்ஸ்பர்க் போன்ற அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டதோடு எல்லாப் பழைய இழைப்புளிகளின் பயணமும் முடிவதில்லை. 18ஆம் நூற்றாண்டு வீட்டைப் பழுது பார்க்கிறவர்களுக்கு ஓர் அறையில் நான்கடி மோல்டிங் மட்டும் உளுத்துப் போயிருக்கும். கடையில் கிடைக்கும் எந்த வடிவமும் மீதியோடு ஒட்டாது. அதே காலத்து, அதே பகுதி இழைப்புளி கையிலிருந்தால், பிளேடை அடிப்பக்க வளைவுக்குப் பொருந்தத் தீட்டி, ஆப்பைத் தட்டி இறுக்கி, பைன் பலகையின் விளிம்பில் வைத்துத் தள்ளலாம். முதல் சில தள்ளலில் நூல் போல மெல்லிய சீவல் வரும். வளைவு ஆழமாக ஆழமாகச் சீவல் அகலும். முழு வடிவமும் இறங்கியதும் இழைப்புளி தானாகவே சீவுவதை நிறுத்திவிடும். அடிப்பக்கத்தில் விட்டிருக்கும் விளிம்பு பலகையில் முட்டிக்கொள்ளும். அந்த விளிம்பை எங்கே விட வேண்டும் என்று கணித்தது, இழைப்புளியைச் செய்தவர்.

இன்றைக்குச் சந்தையில் வாங்குகிற அக்கறையுள்ளவர்கள் தங்கள் பெயரை மரத்தில் அடிப்பதில்லை. எங்கே, எந்தத் தேதியில் வாங்கியது, விற்றவர் எந்த வீட்டிலிருந்து வந்ததாகச் சொன்னார், முன்முகத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி நூலால் கட்டி வைக்கிறார்கள். ஆராய்ச்சியாளருக்குப் பாதி வேலையை அந்தச் சீட்டே முடித்துக் கொடுத்துவிடும். பழைய கருவி வாங்கும் யாரும் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்கு முன் விற்பவரிடம் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு, வண்டியில் ஏறியதும் எழுதிக்கொள்வது நல்லது.